இருநூறு கிலோ, என் கையெழுத்தில்

செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டினேன் என்பது என் தரப்பு. ஒன்றரை வயதுக்காரியான அவள் தரப்பில், வாயை இறுக மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது மட்டும்தான் நடந்தது. போன் அதிர்ந்தது. 'பத்து மணி பேட்ச்' என்ற எங்கள் ஜிம் வாட்ஸாப் குழுவில் மாஸ்டர் ஒரே வரி போட்டிருந்தார். நம் மிலிட்டரித் தம்பி போய்விட்டான், எல்லையில் ரோந்து போன வண்டியில் குண்டு வெடித்துவிட்டது.

நான் முதலில் செய்த காரியம், கும்பிடும் கை எத்தனை போடுவது என்று யோசித்தது. ஒன்று போட்டால் குட் மார்னிங் சொன்னதுபோல இருக்கும். மூன்று போட்டேன். கார்ப்பரேஷன் அக்கா ஆறு போட்டிருந்தார். என்னுடையதை அழித்துவிட்டு ஆறு போட்டேன். 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்ற வரி அங்கேயே நின்றது, போனவனைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு நான் மறைத்ததுபோல. அதன் பிறகுதான் அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்து மகள் பயந்து வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், இட்லியை உள்ளே வைத்துவிட்டேன். அன்று முழுக்க அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் ஒரு வாய் இட்லி உள்ளே போயிருந்தது.

எங்கள் ஜிம் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. சிமெண்ட் தரை, துருப்பிடித்த இரும்புத் தட்டுகள், பாதரசம் உரிந்த ஒரு கண்ணாடி. கீழேயிருந்து சூடான பன் வாசனை நாள் முழுக்க ஏறி வரும். எடை குறைக்க வருகிறவர்களை இதைவிடக் கொடூரமாக யாரும் சோதிக்க முடியாது. பத்து மணி பேட்ச் என்பது மற்ற எந்த நேரத்துக்கும் பொருந்தாதவர்களின் கூட்டம். விடியுமுன் தெருக்களைப் பெருக்கி முடித்துவிட்டு வரும் கார்ப்பரேஷன் அக்கா. பதினொன்றரைக்கு முன் கடை திறப்பது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைக்கும் ஸ்கூட்டர் மெக்கானிக் பாய். பிரசவத்துக்குப் பிறகு பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டிருந்த கணக்கு டீச்சர் நான், இடுப்பில் மகளோடு. துருப்பிடித்த இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா என்று தினமும் வாசலில் நின்று யோசிப்பேன், தினமும் கூட்டிப்போவேன். என் கணவர் வைட்ஃபீல்டில் வேலை செய்கிறார். மெட்ரோவில் நின்றபடி போய் நின்றபடி வருவதே போதும் என்பது அவர் கட்சி.

லீவில் வரும்போது மிலிட்டரித் தம்பியும் எங்களோடு சேர்வான். ராணுவத்துக்காரன் என்று சொன்னதும், விறைப்பாக ஒருவன் வந்து எங்கள் எல்லோரையும் ஓடவிடப் போகிறான் என்று பயந்தேன். வந்தவன் கீழே வாங்கிய தில்பசந்த் என்ற தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே படியேறினான். தேங்காய்ப்பூ சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. இருபத்தெட்டு வயது. இரண்டு சந்து தள்ளி வீடு.

"நீங்க பண்ணலயா?" என்று கேட்டேன்.

"லீவுல வந்திருக்கேன் டீச்சரக்கா. லீவுல யாராச்சும் வேல செய்வாங்களா?"

அவன் செய்த ஒரே வேலை, மற்றவர்களுக்கு எண்ணுவது. நான் முழங்காலை ஊன்றிக்கொண்டு தண்டால் எடுப்பேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணுவான். ஆறுவரை மனிதர்களைப் போலத்தான் எண்ணுவான்.

"ஏழு... ஏழே கால்... அக்கா, இப்ப கீழ போனது வயிறு, கை போகல. அதுக்குக் கால்தான் தர முடியும். ஏழரை... ஏழே முக்கால்... ஏழே முக்கால்..."

"ஏழே முக்கால் சொல்லியாச்சு!"

"அது போன ஏழே முக்கால்."

ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறவள் நான். இத்தனை மனசாட்சியில்லாமல் பின்னத்தைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பத்தை அவன் யாருக்கும் சொன்னதே கிடையாது. ஒன்பதே முக்காலில் எழுந்து, "மிச்சம் நாளைக்கு" என்று போய்விடுவான். பாய் ஒருநாள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு துரத்தினார்.

ஜிம் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. யார் அதிகபட்சம் எவ்வளவு எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தார்கள் என்று சாக்பீஸில் எழுதி வைப்போம். போன லீவில், கிளம்புவதற்கு முந்தின நாள், அவன் என்னிடம் சாக்பீஸை நீட்டினான்.

"டீச்சரக்கா, உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். என் பேருக்கு நேரா இருநூறுன்னு எழுதுங்க. போட்டோ எடுத்து வெச்சிக்கிட்டு, டூட்டிக்குப் போனதும் அம்மாவுக்கு அனுப்பணும்."

"எழுபதுதானே தூக்கினீங்க? அதுவும் போன வாரம் ஒரே ஒரு தடவ. இடுப்பு வேற பிடிச்சிக்கிச்சே."

"எளச்சிட்டேன்னு அம்மா பொலம்புது. இருநூறு கிலோ தூக்குறவனப் பத்தி எந்த அம்மாவாச்சும் கவலப்படுமா, நீங்களே சொல்லுங்க?"

படும். நானும் ஒரு அம்மா, எனக்குத் தெரியும். இருநூறு கிலோ தூக்கினால், இடுப்பு என்னாகும் என்று கூடுதலாகப் படும். ஆனாலும் எழுதினேன். இரண்டு பூஜ்ஜியத்தையும் வட்டமாக, அழகாக, வகுப்பில் போடுவதுபோலப் போட்டேன்.

அவனைக் கொண்டுவந்த நாளில் சந்து முழுக்கக் கொடி. ஃப்ளெக்ஸ்களில் அஞ்சலி செலுத்தும் தலைவர்களின் முகங்களுக்கு நடுவே அவன் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு விறைப்பாக அவனை நான் பார்த்ததில்லை. யாரோ பாஸ்போர்ட் படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

எங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. மாஸ்டர் ஒரு மூலையைக் கழுவி, நீளமான ராடை வைத்து, பலகையில் இருந்தபடியே இருநூறு கிலோவுக்குத் தட்டுகளை மாட்டி, மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றினார். "அவன் தூக்கினது" என்று ஒரு அட்டை. எழுபது என்று அவருக்கும் தெரியும். ஆனால் பலகையில் வேறு எழுதியிருக்கிறதே. என் கையெழுத்தில்.

மறுநாள் பாய் வந்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு இந்தப் பக்கம் ஒரு பத்து கிலோ தட்டு, அந்தப் பக்கம் ஒரு பத்து கிலோ தட்டு மாட்டினார். பூ வைப்பதுபோல வைத்தார். அதைப் பார்த்த அக்கா, "அவர் மட்டும்தான் வெப்பாரா?" என்று தானும் இரண்டு மாட்டினார். சாயங்கால பேட்ச்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாம் நாள் பார்த்தால் இருநூற்று அறுபது. உடற்பயிற்சி செய்யத் தட்டே இல்லை. அக்கா பினாயில் டப்பாவில் மணல் நிரப்பித் தூக்கிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூலைக்கு அருகே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஊதுவத்திப் புகையில் மகள் தும்மினாள். எல்லோரும் வைத்துவிட்டார்கள், நான் மட்டும் வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று, மீதியிருந்த இரண்டு ஒன்றேகால் கிலோ குட்டித் தட்டுகளையும் கொண்டுபோய் மாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவன் அம்மா ஜிம்மைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"டீச்சர், நீங்களே பேசிடுங்க," என்றார் மாஸ்டர். "நான் பேசினா பாதியில கன்னடம் வந்துடும். அக்கா பேசினா அழுதுடும். பாய் பேசினா சர்வீஸ் பத்திப் பேசுவாரு."

"அரே, நான் எப்போ பேசினேன்?"

"துக்க வீட்டுல நின்னுக்கிட்டு, ஸ்கூட்டருக்கு ஆயில் மாத்தணும்னு சொல்லல?"

"அது தம்பி வண்டி மாஸ்டர். சும்மாவே நிக்குது. மனசு கேக்கல."

பேச மாஸ்டர் ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார். இருநூறு கிலோ தூக்கிய சிங்கம் என்று ஆரம்பித்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. அந்தத் தாளைப் படித்தால், அந்த அம்மாவுக்கு மகனுக்குப் பதில் ஒரு சிலையைக் கொடுத்து அனுப்புவேன். உண்மையைச் சொன்னால், உங்கள் மகன் உங்களிடம் பொய் சொன்னான், நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று, அவன் போன பிறகு ஒரு தாயிடம் சொன்னவள் ஆவேன். கணவரிடம் கேட்டேன். "சிம்பிளா பேசிடு," என்றார். அந்த ஆலோசனைக்கு அவர் வைட்ஃபீல்டிலேயே இருந்திருக்கலாம்.

அந்த அம்மா காலை பத்தரைக்கு வந்தார். படியேறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலையும் அட்டையும் சுமந்து கிடந்த ராடின் முன் போய் உட்கார்ந்து, ஓரத்துத் தட்டைப் புறங்கையால் தொட்டார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. நான் தாளைப் பிரித்தேன்.

"எத்தன கிலோ இது?"

"இருநூத்தி அறுபத்திரெண்டரைம்மா," என்றார் மாஸ்டர்.

"அவன் இருநூறுன்னுல்ல சொன்னான்?"

பாய்தான் துணிந்தார். "கடைசியா கொஞ்சம் ஏறிடுச்சும்மா."

"எப்ப? அவன் போனப்புறமா?"

அக்கா அழ ஆரம்பித்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதான கணக்கு டீச்சரு? போன்ல சொல்லுவான். நீ சொல்லும்மா. நெசமா எவ்ளோ தூக்குவான்?"

தாளை மடித்து வைத்தேன். "எழுபதும்மா," என்றேன். "பலகையில இருநூறுன்னு எழுதினது நான்தான். நீங்க கவலப்படக் கூடாதுன்னு எழுதச் சொன்னாரு. நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"எழுபதா?"

"ஆமாம்மா."

"நெசமாவா? நான் அம்பதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி கேன் ஒண்ண மாடிக்குக் கொண்டாரதுக்குள்ள ரெண்டு எடத்துல எறக்கி வெப்பான். பெத்தவளுக்குத் தெரியாதா? போட்டோ வந்துச்சு. நம்பினா அவனுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நம்பினேன். எழுபது! பரவால்லயே!" மாஸ்டரைப் பார்த்தார். "எடுங்க இதையெல்லாம். அவன் தூக்கினத மட்டும் வெச்சிக் காட்டுங்க."

மாஸ்டரும் பாயும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அக்கா அழுதுகொண்டே தனக்கு வேண்டிய இரண்டு தட்டுகளை ஓரமாக நகர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். கடைசியில் இருபது கிலோ ராடில் பக்கத்துக்கு இருபத்தைந்து நின்றது, மொத்தம் எழுபது. மாலை அதற்குப் பெரிதாகிவிட்டது. அந்த அம்மா அதை இரண்டு சுற்றாக மடித்துப் போட்டார்.

"அப்ப இங்க வந்து நாள் பூரா என்னதான் பண்ணுவான்?"

"எங்க உசுர வாங்குவான்," என்றார் அக்கா. "எண்ணுறேன்னு உக்காந்துக்குவான். ஏழு, ஏழே கால், ஏழரைன்னு. பத்தே வராது."

அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. "அது என்னுதும்மா," என்றார். "சோறு ஊட்டுற கணக்கு. பத்து வாய்தான்டா, பத்து வாய்தான்னு உக்கார வெப்பேன். பத்துன்னு சொல்லிட்டா எந்திரிச்சி ஓடிடுவான்ல? அதான் சொல்லவே மாட்டேன்."

என் பையில் இட்லி டப்பா இருந்தது. வழக்கம்போல முழுசாக இருந்தது. கேட்கலாமா, இந்த நேரத்தில் கேட்பது முறையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவரே டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார். மகளை மடியில் வைத்து, இட்லியைப் பிட்டு, எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. யார் என்றே தெரியாத ஒருவரின் கையிலிருந்து அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஏழு வந்தது. ஏழே கால். ஏழரை. குரலும் இழுப்பும் அவனுடையதேதான். பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். எட்டே முக்காலில் மகள் வாயிலிருந்த மொத்தத்தையும் அவர் புடவையில் துப்பினாள். நான் பதறிப்போய்த் துடைக்க ஓடினேன்.

"விடு. உள்ள எட்டு போயிருக்கு," என்றார்.

கிளம்பும்போது பலகையின் முன் நின்றார். நான் இருநூறை அழித்தேன். எழுபது எழுதினேன். இந்த முறை பூஜ்ஜியம் கோணிவிட்டது.

"பக்கத்துல ஒரு கால் போடும்மா," என்றார் அவர்.

எழுபதே கால் என்று எழுதினேன். அவர் படியிறங்கிப் போனார். அக்கா தன் தட்டுகளை எடுத்துக்கொண்டார். பாய் கண்ணைத் துடைத்துவிட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயருக்கு நேராகவும் எழுபதுதான்; இப்போது தம்பி கால் கிலோ முன்னே.

"டீச்சர், இருக்கறதுலயே சின்னத் தட்டு ஒண்ணேகால் கிலோ. நான் எப்படி எழுபதே கால் தூக்குறது?"

"வாட்ச கழட்டாம தூக்கு," என்றார் அக்கா.