மடியும் நாடியும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சுட்டுப்போட்டாலும் வராது. "குட்டி போட்ட பூனை மாதிரி ஏண்டி ஆத்துக்குள்ள அலையறே?" என்று அம்மா கேட்காத நாளே கிடையாது. இப்படிப்பட்டவளை நர்ஸிங் படிக்க அனுப்பி, முதல் மாதமே ஒரு நோயாளி பக்கத்தில் அசையாமல் இருந்து மூச்சை எண்ணு என்றால் என்ன ஆகும்?

மூச்சை எண்ணுவதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. நாம் எண்ணுகிறோம் என்று தெரிந்த உடனே எல்லோரும் மூச்சை மாற்றிவிடுவார்கள், ஃபோட்டோ எடுக்கிறேன் என்றால் முகத்தை மாற்றிக்கொள்வது போல. அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிற பாவனையில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுப் பக்கம் ஓட்டி, ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். அதுவும் முழு நிமிஷம். நாங்கள் யார் முழு நிமிஷம் எண்ணினோம்? கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். டியூட்டர் ஒரு மலையாளி அம்மாள். பின்னால் வந்து நிற்பதே தெரியாது.

"ஒரு மினிட்டு முழுவன் எண்ணணம், கேட்டோ? தாளம் தப்புன்ன நாடி கால் மினிட்டில் பிடி தரில்ல" என்பார். பிறகு எல்லோரும் கேட்கும்படி, "இந்தக் குட்டிக்கு இரிப்பு உறைக்கில்லல்லோ!" என்று, ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள் என்ற அர்த்தத்தில், என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். வார்டே சிரிக்கும். எனக்கு எரிச்சலாக வரும். எலும்புகளின் பெயரை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நரம்பு எங்கே ஓடுகிறது, ஊசி எந்தத் தசையில் போடணும், எதைக் கேட்டாலும் என் கைதான் முதலில் உயரும். இந்த ஒரு பாழாய்ப்போன நிமிஷம்தான் எனக்குக் கைவரவில்லை.

பழகுவதற்குக் கிடைத்த கையை எல்லாம் பிடித்தேன். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். சாயங்காலம் பேப்பர் படிக்கும்போது அவர் இடது கை என் சொத்து. கூடப் படிக்கிறவர்கள், எதிர் வீட்டு மாமி, யாரையும் விடவில்லை. கை நீட்டாத ஒரே ஆள் அம்மா.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில், மலையாள ஊருக்குள் இருக்கும் ஒரு தமிழ் அக்ரஹாரத்தில். அம்மாவுக்கு மடி முக்கியம். விடியற்காலையில் குளித்து மடிப் புடவை கட்டிவிட்டால் பூஜையும் சமையலும் முடிகிற வரை அவளை யாரும் தொடக் கூடாது. அதற்குள் நான் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நான் விழுப்பு, மடிக்கு நேர் எதிர். கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து, யூனிஃபாரத்தை வாளியில் நனைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரணும். அதற்குப் பிறகாவது கையைக் கொடேன் என்றால், "கண்டதையும் தொட்ட கை. என்னைப் பார்க்க வேண்டாம், போ" என்பாள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் தொட்டுக்கொள்வதற்கு நேரமே அமையவில்லை. ஆசாரம் பார்க்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தொடாமல் என்ன செய்ய முடியும்? பார்க்க முடியும். படிப்பிலும் முதல் பாடம் அதுதான், கை வைப்பதற்கு முன்னால் கண். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது.

முதலில் கண்ணில் பட்டது மெட்டி. அம்மா கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலில் தேங்காய் எண்ணெய் தடவி மெட்டியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகரவில்லை. மெட்டிக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது.

"என்னம்மா, கால் வீங்கியிருக்கு?"

"நாள் பூரா நிக்கறேனே, வீங்காதா? வேலையைப் பாருடி."

அப்புறம் தலையணை. ஒன்று இருந்த இடத்தில் மூன்று. கேட்டால் புழுக்கமாம். இருமினால் சாம்பிராணிப் புகையாம். மாடியில் துணி உலர்த்தப் போய் நடுப்படியில் நின்றால், மாமியிடம் பேச நின்றாளாம். எந்த மாமி? எதிரே ஒரு காக்கைகூட இல்லை! ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். புத்தகத்தில் இதெல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தின் தலைப்பு இதயம்.

அப்பாவிடம் சொன்னேன். "புதுசாப் படிக்கறவாளுக்கு ஊர்ல இருக்கற வியாதியெல்லாம் ஆத்துலயே இருக்கற மாதிரிதான் தோணும்" என்று பேப்பரைத் திருப்பினார். டாக்டரிடம் போகலாம் என்று அம்மாவை நச்சரித்தேன். "தாத்தா ச்ராத்தம் முடியட்டும்" என்றாள். அதற்கு முன்னால் நவராத்திரி முடியட்டும் என்றிருந்தாள். எதற்கும் ஒரு முடியட்டும். நான் பஸ்ஸில் நின்றேன், வார்டில் நின்றேன், வீட்டில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்கு இரண்டும் ஓடின. பிரயோஜனம்தான் இல்லை.

தாத்தா ச்ராத்தம் வந்தது. வருஷத்திலேயே மடி உச்சத்தில் இருக்கிற நாள் அது. கரமனையிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, ஒத்தாசைக்கு வந்திருந்தாள். அம்மா விடியலிலேயே குளித்து ஒன்பது கஜம் கட்டி, பல்லில் ஒரு சொட்டு ஜலம் படாமல் அடுப்படியில் நின்றாள். எள்ளுருண்டை ஆயிற்று, பிரண்டைத் துவையல் ஆயிற்று, வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் ச்ராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியாரும், சாப்பிட வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் குளித்திருந்தாலும் மடி இல்லை. அதனால் எனக்கு இடம் சமையலறை வாசலுக்கு வெளியே.

அங்கிருந்து பார்த்தேன். அம்மா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வடை தட்டினாள். நிமிர்ந்து நிற்கிறவள் கழுத்தில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. நிற்கும்போது அது தெரியக் கூடாது.

"அம்மா, உக்காரு."

"ஒண்ணுமில்லடி" என்றாள். மூச்சு வாங்கினாள். "அடுப்புச்" மறுபடி மூச்சு. "சூடு."

மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல மூன்று மூச்சு. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் தோளைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். சமையலறைச் சுவரில் கடிகாரம் இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவை முழு நிமிஷம் எண்ணினேன். முப்பத்தெட்டு. இருபதைத் தாண்டினாலே போய்ச் சொல்லு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆனது ஆகட்டும் என்று உள்ளே போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"ஐயையோ! தொட்டுட்டாளே!" அத்தை போட்ட கூச்சலில் தெருவே வந்திருக்கும். அம்மா கையை உதறப் பார்த்தாள். "பாவி, ச்ராத்தச் சமையல்டி" என்றாள். உதற அவளுக்குத் தெம்பு இல்லை. என் விரலுக்கு அடியில் நாடி கொத்தாக ஓடி வந்தது, நின்றது, ஒன்று விட்டு ஒன்று அடித்தது, மறுபடி ஓடியது. தாளமே இல்லை. அடுப்பை அணைத்தேன். அவளை மணையில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தேன். புடவையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது. அப்படியே நின்றது.

அப்பா பஞ்சகச்சத்தோடு ஓடி வந்தார். "என்ன காரியம்டி பண்ணிட்டே! பெரியவா காத்துண்டிருக்கா. இன்னும் செத்த நேரம், இலை போட்டு முடிச்சுட்டு..."

"அந்தக் குழியைப் பாருப்பா!" என்று கத்தினேன். அப்பாவிடம் நான் அப்படிக் கத்தினதே கிடையாது. "தண்ணி கால்ல மட்டும் நிக்கலை. நெஞ்சுலயும் ஏறிடுத்து. நாலு பேர் சாப்பிட்டு எழுந்துக்கற வரைக்கும் இவ தாங்க மாட்டா!"

அப்பா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. அத்தை, "பித்ரு சாபம்" என்று ஆரம்பித்தாள். அப்போது கூடத்திலிருந்து வாத்தியார் எழுந்து வந்தார். எனக்கு அவரைக் கண்டால் பயம். இப்போது இவர் வேறு என்ன சொல்லப் போகிறாரோ என்று பல்லைக் கடித்தேன்.

"என்ன ஓய் யோசனை?" என்றார் அப்பாவிடம். "அன்னமாப் போட முடியலேன்னா அரிசி, பருப்பு, வாழைக்காய் குடுத்து முடிக்கலாம்னு சாஸ்திரத்துலயே இடம் இருக்கு. நீர் திரும்பி வாரும், நான் இங்கயே இருக்கேன். உம்ம தோப்பனார் கோச்சுக்க மாட்டார். ஓடும்!"

ஆட்டோவில் அம்மா சாயப் பார்த்தாள். விடவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, என் தோளை முட்டுக்கொடுத்தேன். படுத்தால் மூச்சு இன்னும் அடைக்கும். மேற்குக் கோட்டையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. "சேட்டா, ஒந்நு வேகம்!" என்று நான் கத்த, டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பகவானே, பகவானே என்று நான் சொன்னது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

அவசரப் பிரிவில் ஆக்ஸிஜன் வைத்து, நீர் பிரிகிற ஊசி போட்டார்கள். மெட்டி போட்டிருந்த விரல் நீலம் பாய்ந்திருந்தது. வெட்ட வேண்டும் என்றார் அங்கிருந்த சிஸ்டர். அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கட்டினவர் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதாவது! அப்பாதான் முன்னால் வந்தார். "நான்தானே போட்டேன். நானே சொல்றேன், வெட்டுங்கோ" என்றார். வெட்டின வெள்ளியைப் பஞ்சகச்ச முடிப்பில் முடிந்துகொண்டார்.

டாக்டர் கேட்டார், சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். பன்னிரண்டு வயதில் நாகர்கோவிலில் வந்ததாம். நெஞ்சில் ஒரு சத்தம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று அன்றைக்கே டாக்டர் சொன்னாராம். ஜாதகம் பொருந்தினபோது அவள் வீட்டார் அதைச் சொல்லவில்லை. இவளையும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையை ஒளித்தது மடிக்காக இல்லை. நர்ஸிங் படிக்கிற பெண் தொட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்கே பயந்திருக்கிறாள்.

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லலியேடி" என்றார் அப்பா. கோபமாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. "சொல்லியிருந்தா உன்னை விட்டுடுவேனா?" அம்மாவுக்குக் கண்ணோரமாக வழிந்துகொண்டே இருந்தது.

இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது. பலூன் விட்டு அதை விரிக்கணும். அதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையில் கால் வீக்கம் வடிந்துவிட்டது, தலையணை ஒன்றாகிவிட்டது, ஆனால் நாடியின் தாளம் திரும்பவில்லை. அந்தத் தேதி வரும் வரை எனக்கு இரிப்பு உறைக்கப் போவதில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அம்மா மடியை விடவில்லை. விடுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். "ஏந்திருடி. நான் குளிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்துடு" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். நாடி ஓடும், நிற்கும், தடுக்கும், மறுபடி ஓடும். அம்மாவின் உள்ளங்கை எல்லாம் சொரசொரப்பு. இவ்வளவு நாளாக அது எனக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையிலும் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "ஆச்சாடி? குளிக்கணும்" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் ஆகலைம்மா" என்றேன். விநாடி முள் இரண்டு சுற்று முடித்து மூன்றாவதில் போய்க்கொண்டிருந்தது.