தயிரை ஏற்காத மென்பொருள்

மும்பையில் டோம்பிவிலியிலிருந்து செம்பூருக்கு வேலைக்குப் போய்வரும் சந்திரமௌலிக்கு வயது ஐம்பத்திரண்டு. உலகத்தில் எதையும் பெட்டி போட்டு, பெட்டிக்குப் பெட்டி அம்பு இழுத்து விளக்கிவிடலாம் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. "காஸ் தீரப் போறது" என்று மனைவி பாகீரதி சொன்னால்கூட, ஒரு தாளை எடுத்து நாலு பெட்டி போட்டுப் பார்த்த பிறகுதான் ஏஜென்சிக்குப் போன் செய்வார். அதற்குள் அவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள்.

ஆபீசில் இந்தப் பெட்டிப் பைத்தியம்தான் அவருக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் வரி வரியாகப் புரோகிராம் எழுதுவார்கள். மௌலி சார் செய்தது வேறு. ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அந்தத் தொழிலின் சொற்களையே வைத்து ஒரு குட்டிப் பட மொழி செய்வார். தொழில் தெரிந்தவர் அதில் படம் வரைந்தால் போதும், புரோகிராமைக் கணினியே எழுதிக்கொள்ளும். அந்தத் தொழிலில் நடக்கவே முடியாத ஒன்றை யாராவது வரைந்தால் சிவப்புக் கட்டம் வந்து தடுத்துவிடும். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெற்ற பிள்ளை கலெக்டரானால்கூட ஒரு மனிதன் அவ்வளவு பூரிக்க மாட்டான்.

மானேஜர் சாருலதா அவருக்கு மூன்று மாதம் கொடுத்திருந்தாள். முதல் வாடிக்கையாளர், மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் பத்ரிநாராயணன். அவர் என்ன சமையல் என்று படம் வரைந்தால், எத்தனை பேருக்கு என்ன சாமான், எதை எப்போது அடுப்பில் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாருலதா நேரில் வந்து பார்ப்பாள். பட்டியல் சரியாக வராவிட்டால் இந்த வேலைக்கு மூடுவிழா. மௌலி சார் போன் பிரிவுக்குப் போக வேண்டும். யாரோ எழுதிய புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று யாரோ திட்டுவதை எட்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் பிரிவு அது.

பயம் இருந்ததே தவிர, அடக்கம் இல்லை. பத்ரியிடம் விஷயம் கேட்கப் போன இடத்தில் பத்ரி பேசியது கொஞ்சம், இவர் பேசியது அதிகம். பத்ரி சாம்பார், ரசம் எல்லாம் சொல்லி முடித்து, "அப்புறம் தயிர்…" என்று வாயைத் திறந்தார்.

"தயிரா? அதெல்லாம் எனக்கே தெரியும் ஓய். அம்பது வருஷமா தினம் சாப்பிடறவனாக்கும்" என்று மௌலி கையமர்த்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில், காய் நறுக்கும் மேஜையைத் துடைத்து அதன்மேல் லாப்டாப்பை வைத்தார்கள். பத்ரி விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். நானூறு பேர். சாம்பார், அவியல், ஓலன், பாலடைப் பாயசம். வேண்டுமென்றே பாலை விட்டுவிட்டுப் பாயசத்தை வரைந்து பார்த்தார். சிவப்புக் கட்டம் வந்தது.

"பலே! என் மச்சினனைவிட இது தேவலை" என்றார் பத்ரி. சாருலதா சிரித்தாள். மௌலிக்குத் தலை கால் புரியவில்லை.

கடைசியில் பத்ரி தயிருக்கு வந்தார். ஒரு பாத்திரம், அதற்குள் பால், அதிலிருந்து தயிர்ப் பெட்டிக்கு ஓர் அம்பு. பிறகு தயிர்ப் பெட்டியிலிருந்து இன்னோர் அம்பை இழுத்துத் திருப்பி அந்தப் பாத்திரத்திலேயே விட்டார். திரை முழுக்கச் சிவப்பு. மௌலியே யோசித்து யோசித்து எழுதிய வாசகம் பெரிதாக நின்றது: 'எந்தப் பொருளும் தன்னிலிருந்தே தோன்ற இயலாது.'

பத்ரி அதை உரக்கப் படித்தார். "இது சாஃப்ட்வேரா, வேதாந்தமா சார்? உறைக்குத் தயிர் இல்லாம பாலைத் தோய்க்கறது எப்படி?"

சாருலதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "யே க்யா ஹை சார்? நானூறு பேருக்குத் தயிர் கிடையாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "யூசர் தப்பா போட்டுட்டார்னு ரிப்போர்ட்ல எழுதிக்கலாமா? சலேகா, அது போதும்" என்றாள்.

தாழ்த்திய குரல் பத்ரிக்கும் கேட்டது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

மௌலி நின்றார். அந்த விதியை எடுத்துவிடலாம் என்று ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஜெயராம் சொன்னபோது, அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் அவர். இப்போது 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை பிழைக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் இருபது வருஷமாகத் தயிர் தோய்ப்பவர். மௌலிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் காது மடல் சுடுகிற வெட்கம்.

"யூசர் சரியாத்தான் போட்டார். தப்பு என்னுது" என்றார்.

பத்ரி திரையருகே குனிந்தார். "உங்க படத்துல நேத்திக்குன்னு ஒரு பெட்டி இருக்கா?"

"இல்லை."

"அதைப் போடுங்கோ. நேத்தித் தயிர் வேற, இன்னித் தயிர் வேற."

மௌலியின் புத்தி போகுமா? "சரி, நேத்தித் தயிர் எதுலேர்ந்து வந்தது?"

"முந்தாநாள் தயிர்லேர்ந்து."

"அது?"

"சார், இப்படியே போனா பிரம்மா தோய்ச்ச தயிர்லதான் போய் நிக்கணும். நாங்க அவ்வளவு தூரம் போறதில்லை. ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, சமையற்கட்டைப் பூட்டிடுவோம். ஆவணியில திறந்தா பழைய தயிர் ஏது? பக்கத்தாத்துல ஒரு கரண்டி வாங்கிண்டு வருவோம். அவ்வளவுதான்."

மௌலி விதியைத் திருத்தினார். 'நேற்று' என்று ஒரு பெட்டி போட்டார். பக்கத்தில், உள்ளே எந்த அம்பும் நுழையாத இன்னொரு பெட்டி போட்டு, 'பக்கத்து வீடு' என்று எழுதினார். பத்து நிமிஷத்தில் சிவப்பு போயிற்று. நானூறு பேருக்கும் தயிர் வந்தது.

சாருலதா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ப்ராஜெக்ட் ஓடட்டும். ஆனா இந்த மொழிக்கு இனிமே ஓனர் பத்ரி சார். நீங்க அவருக்கு அசிஸ்டென்ட். அவர் தலையாட்டாம ஒரு ரூல்கூட உள்ளே போகக் கூடாது. டீக் ஹை?"

"டீக் ஹை" என்றார் மௌலி. அவமானமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்று பாகீரதிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னார். போன் பிரிவு விஷயத்தைக்கூட மறைக்கவில்லை.

"தயிர் எப்படித் தோய்க்கறதுன்னு என்னைக் கேட்டிருக்கலாமே!" என்றாள் பாகீரதி.

"கேட்டிருக்கணும். எனக்குத் தெரியலை பாகீ. தெரியும்னு நெனச்சுண்டிருந்தேன்."

இருபத்தாறு வருஷத்துத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பரை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"ஹலோ," என்றாள் பாகீரதி, "யார் பேசறது?"