கரண்டு இல்லாத நாளில் எடுத்த பாட்டு

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்ற அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் மாவரைக்கவும் தொட்டியில் தண்ணீர் ஏற்றவும் ஓடுவார்கள். நான் பென்சில் பேட்டரி வாங்க ஓடுவேன்.

என்னிடம் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. தடித்த டைரி அளவு இருக்கும், எட்டு ட்ராக். தாளத்தை ஒன்றில், கீபோர்டை ஒன்றில், குரலை இன்னொன்றில் என்று தனித்தனியாகப் பதிந்து எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடலாம். நாலு பேட்டரி போட்டால் போதும், கரண்டே தேவையில்லை. மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனது. ஒரு ட்ராக் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். என்னைப் போன்ற ஆளிடம் கொடுக்கவே கூடாத வசதி இது. ஒரே பாட்டை மூன்று வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் நான் இருப்பது துறைமுகத்துக்குப் போகிற சாலை ஓரம். வேலையும் துறைமுகத்தில்தான், சரக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்றில். கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியே தாளம் போடும். அதனால் பாட்டை வேம்பாரில் அக்கா வீட்டில் வைத்துத்தான் எடுப்பேன். பாடுகிறவளும் அவள்தானே.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். யாரிடமும் படித்ததில்லை. தொண்டையைக்கூடச் செருமாமல் எடுத்த எடுப்பில் பாடுவாள். மெட்டு என்னுடையது, வரிகள் அவளுடையவை. கடற்கரைச் சாலையில் கை காட்டினாலும் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றிய பாட்டு அது. 'கைகாட்டி நின்னாலும் காணாமப் போறானே' என்று பல்லவி. காய்கறிப் பையோடு நின்று நின்று கடுப்பாகி அவளே கட்டியது.

அத்தானுக்குப் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் இருக்கிற ஃப்ரீசர் நாள் முழுக்க முனகும். ஃபேன் கடகடக்கும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தால் நிற்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அத்தான் கேலி செய்வார். ஆனால் ஹெட்போனில் கேட்டால் தெரியும், அந்த முனகல் குரலுக்கு அடியில் அழுக்கு மாதிரி ஒட்டியிருக்கும். ஆகவே வேம்பாரில் மின்தடை என்று எப்போது பேப்பரில் வருகிறதோ அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை பஸ் ஏறிவிடுவேன்.

"கொழுந்தியா வந்தாச்சுன்னா எம் பால் பாக்கெட்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்பார் அத்தான், ஃப்ரீசரைத் திறந்து பார்த்துக்கொண்டே.

அக்காவும் விடமாட்டாள். "கரண்டு போச்சுன்னு ஊரே ஏசுது. நீ மட்டும் சிரிச்சிக்கிட்டு வந்து எறங்குத."

கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் துண்டை மடித்து விரித்து அதன்மேல் ரெக்கார்டரை வைப்பேன். உப்பளத்துப் பக்கமிருந்து அடிக்கிற காற்று மைக்கில் விழாமலிருக்க ஜன்னலைச் சாத்துவேன். அந்தப் புழுக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வியர்வை வழிய வழிய அக்கா பாடுவாள். முடித்ததும் நான் சொல்வது ஒன்றேதான். "இன்னொரு தடவ." சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவள் போட்டுத் தருகிற காப்பியைப் பாதி குடித்தும் குடிக்காமலும் கிளம்புவேன். எனக்கு எப்போதுமே காலில் வெந்நீர் ஊற்றின மாதிரிதான்.

போன வருஷம் அக்காவின் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. தைராய்டில் கட்டி, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும் என்றார் தூத்துக்குடி டாக்டர். பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும், அபூர்வமாகக் கம்மினபடியே நின்றும் போகலாம் என்றார். அக்கா அமைதியாகத் தலையாட்டினாள். நான் மனசுக்குள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பரை முதலில் பிரித்தது அந்த அறிவிப்புக்காகத்தான். விளாத்திகுளம் வந்தது, ஏரல் வந்தது, வேம்பார் வரவில்லை. வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். கடைசியில் ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. பன்னிரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன்.

பல்லவியும் இரண்டு சரணங்களும் சுத்தமாகக் கிடைத்தன. மூன்றாவது சரணம்தான் படுத்தியது. ஒரு தடவை கோழி கத்தியது, ஒரு தடவை மூச்சு பிசகியது. ஏழாவது ட்ராக்கில் மறுபடி ஆரம்பித்து, இதுதான், இதுதான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. தெருவில் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடிப்போய் ஃபேனை அணைத்தேன். டிவியை அணைத்தேன். கடைக்குள் போய் ஃப்ரீசரின் ப்ளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் பக்கத்து வீட்டு மோட்டார். அங்கேயும் ஓடினேன். "தொட்டி காலியாக் கெடக்கு தாயி, எப்பிடி நிறுத்த?" என்றார் அந்த வீட்டு அம்மா. கெஞ்சிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு, வேறு ட்ராக்கில் வைத்து, "இன்னொரு தடவ" என்றேன். மோட்டார் சத்தத்தோடு மூன்று தடவை பாடினாள். எதுவும் தேறவில்லை. நாலு மணி பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி குரலைப் பற்றி. மறுநாள் அக்கா கண் திறந்து படுத்திருக்கையில் அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஆ சொல்லு பாப்போம்" என்பது. அவள் சொன்னாள். காற்றுதான் வந்தது. நான் கலங்கி நின்றதைப் பார்த்து அவள்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த இரண்டு மாதமும் போனில் விசாரித்ததோடு சரி. குரல் கரகரவென்று கொஞ்சம் திரும்பியிருந்தது. பழைய குரல் வருமா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. கையில் இருப்பதை வைத்தாவது பாட்டை முடித்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். மூன்றாவது சரணத்துக்கு அந்த ஏழாவது ட்ராக் ஞாபகம் வந்தது. கரண்டு வருவதற்கு முன்னால் நாலு வரியாவது சுத்தமாக இருக்கும். ஹெட்போனை மாட்டி ஓடவிட்டேன்.

நாலு வரி இருந்தது. நன்றாகவே இருந்தது. பிறகு ஃபேன் சத்தம், நான் ஓடுகிற சத்தம். ஸ்விட்சுகள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று அணைந்தன. ஃப்ரீசர் முனகல் நின்றது. மோட்டார் சத்தம் கிளம்பியது. ரெக்கார்டரை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். அப்போது அத்தான் குரல் கேட்டது.

"எங்க ஓடுதா உந்தங்கச்சி?"

"மோட்டார நிறுத்தச் சொல்லப் போறா."

"எதுக்கு இம்புட்டு அவசரம்? உக்காந்து ரெண்டு வாய் சாப்புட்டுப் பாடுனா ஆகாதா?"

"ஆப்பரேசனுக்கு முந்தி எங்குரல எடுத்து வச்சிரணுமாம்."

பிறகு அக்கா சிரிப்பது கேட்டது. கோபமே இல்லாத சிரிப்பு.

"எடுத்து முடிச்சிட்டான்னா பெறகு எதுக்கு இங்கன வரப் போறா?"

அதற்குப் பிறகு என் செருப்புச் சத்தம், "இன்னொரு தடவ" என்கிற என் எரிச்சல். என் குரலை என்னால் கேட்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன்.

வேம்பாருக்குப் போன நாள்களை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மின்தடை நாள். பொங்கலுக்குப் போனதில்லை. அத்தானுக்குக் கால் முறிந்து கிடந்தபோது, ஆபீஸில் வேலை என்று போனோடு நிறுத்திக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பயமா இருக்கா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் குரலை இழந்துவிடுவேனோ என்று நான் பதறியது எல்லாம் எனக்காகத்தான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேப்பரைப் பிரிக்கவில்லை. ரெக்கார்டரை அலமாரியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கீழவைப்பார் தாண்டும்வரைக்கும் கை பழக்கதோஷத்தில் மடியில் இல்லாத பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

கடையில் ஃப்ரீசர் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மோட்டாரும் ஓடியது. அக்கா உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள், பிறகு என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஏளா, இன்னைக்குக் கரண்டு இருக்கே" என்றாள், அந்தக் கரகரத்த குரலில்.

"இருக்கட்டும்க்கா" என்றேன். போய் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டேன்.