மணல் கூரை

மலையாளக் கரையில், கழக்கூட்டம் என்ற ஊரில் நான் பார்த்த வேலை என்ன என்று உறவினர்கள் கேட்டால் 'சாஃப்ட்வேர்' என்று சொல்லி நழுவிவிடுவேன். விளக்கிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். யாரோ கண் வலிக்க உட்கார்ந்து செய்த முப்பரிமாண மாடல் ஒன்று எங்களுக்கு வரும், கட்டடமோ கப்பலோ. அதை கன்வெர்ட்டர் என்ற மென்பொருளுக்குள் போட வேண்டும். அது வளைவுகளையெல்லாம் நறுக்கி, சதுரம் சதுரமான பிளாக்குகளாக்கித் துப்பும். அந்தக் குவியலைக் கொண்டுபோய், பிளாக் அடுக்கி விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் வைக்க வேண்டும். அழகாக இருந்ததை அசிங்கமாக்குவதற்கு மாதச் சம்பளம்.

இதைக் கலை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் டீம் லீட். அவர் அந்த விளையாட்டை ஒருநாளும் விளையாடியதில்லை. அலுவலகத்தில் பாதிப் பேர் விளையாடியதில்லை. உப்பா புளியா என்று ருசி பார்க்காமலே பரிமாறுகிற ஓட்டல் அது. நான் விளையாடியவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைச் செக்கிங்கில் உட்கார வைத்திருந்தார்கள்.

லீடும் நானும் ஸ்ரீவராகம் என்ற ஒரே பேட்டைக்காரர்கள், இரண்டு தெரு தள்ளி. அந்த உரிமையில் ஒருநாள் மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "எடோ, பட்டனை அழுத்தினா வேலை முடிஞ்சுது. நீ உக்காந்து நோண்டிண்டே இருந்தா எப்படி? செக்கிங்காரா இருக்கற வரைக்கும் இங்க ஒரு பிராஜெக்டும் ரட்சைப்படாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அந்த ஆளின் தலையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் போடும் சென்ட், அவர் எதையும் 'அடிபொளி' என்று மெச்சும் விதம், வாடிக்கையாளர் வந்தால் மற்றவர்கள் செய்த வேலையைத் தானே முன்னால் நின்று காட்டும் சாமர்த்தியம், எதையும் என்னால் சகிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விழிஞ்ஞத்திலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டட வேலைக்காகக் குமரிப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மாடலிங் படித்து, ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்திருந்தார். கடைசி மாதத்தில் ஒரு பள்ளி நிர்வாகம் தங்கள் மாணவர்களுக்காக விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தைப் பிளாக்குகளில் கேட்டது. அந்த வேலை அவருக்குப் போனது. இது நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஆறு மாதத்தோடு சரி என்று மேலிடம் சொல்லிவிட்டது.

தன் ஊர் என்பதால் படகு, வலை, ஐஸ் பெட்டி ஒன்றையும் விடாமல் செய்திருந்தார். நடுவில் தூண்கள் மட்டும் தாங்கும் ஒரு திறந்த மீன் ஏலக்கூடம். கன்வெர்ட்டரில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க ஒருக்கா பாத்தா போரும். அப்பதான் எனக்கொரு சமாதானம் கிட்டும்."

பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கன்வெர்ட்டருக்கு நிறம் மட்டும்தான் கண்ணில் படும். ஏலக்கூடத்தின் கூரை வெளிர்மஞ்சள். அதற்கு மிக நெருங்கிய நிறம் மணல் பிளாக்குக்கு என்று, கூரை முழுவதையும் மணலால் போட்டிருந்தது. அந்த விளையாட்டில் மணலுக்கு அடியில் தாங்கல் வேண்டும், இல்லையென்றால் விழும். ஆனால் மென்பொருள் கொண்டுவந்து வைத்த மணல் உடனே விழாது. பக்கத்தில் யாராவது ஒரு பிளாக்கைத் தொடும்வரை அந்தரத்தில் சமர்த்தாக நிற்கும். விளையாடிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் கம்பெனிக்குத் தெரியாது.

கன்வெர்ட்டரின் பிளாக் பட்டியலில் ஒரு பெயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. நான் மாற்றவில்லை. வாடிக்கையாளர் முன்னால் லீட்தானே நிற்கப்போகிறார், பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவரே பார்க்கட்டும் என்று நினைத்தேன். 'சரிபார்த்தாயிற்று' என்று குறித்துவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். அன்று சாயா ரொம்ப நன்றாக இருந்தது.

காட்டும் நாளில் பள்ளிக்காரர்கள் வந்தார்கள், மேலிடத்து ஆட்களும் வந்தார்கள். லீட் எழுந்து அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க ஊர், உங்க ஒர்க். நீங்களே காமிங்கோ. மேலேருந்து எல்லாரும் வந்திருக்கா, நல்ல சான்ஸாக்கும்" என்றார்.

அந்த மனிதரிடமிருந்து நான் பார்த்த முதல் நல்ல காரியம். அதற்கும் எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது.

புரொஜெக்டர் உடனே ஒத்துழைக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். 'ஒரு சின்னத் திருத்தம் பாக்கி' என்று சொல்ல எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. சொன்னால், பிறகு ஏன் சரிபார்த்தாயிற்று என்று குறித்தாய் என்று கேட்பார்கள். எதிரே இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பெண் நன்றாகப் பேசினார். படகுகளைக் காட்டி, ஏலக்கூடத்துக்குள் கூட்டிப்போனார். உள்ளே இருட்டாக இருக்கிறதே, கூரையில் ஒரு விளக்கு மாட்ட முடியுமா என்று பள்ளிக்கார அம்மா மலையாளத்தில் கேட்டார். "பின்னே, மாட்டலாமே" என்று சிரித்துக்கொண்டே அவர் விளக்கை வைத்தார்.

கூரை முழுவதும் சரசரவென்று இறங்கியது. நாங்கள் நின்ற இடமே புதைந்து, திரை இருண்டது. அறையில் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. அவர் ஃபைலை மூடி, பழையபடி திறந்து, மறுபடி விளக்கை வைத்தார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் சிரித்தார்கள்.

லீட் என் பக்கம் திரும்பினார். "நீ செக் பண்ணினியோன்னோ?"

"பண்ணினேன். அப்போ சரியாத்தான் இருந்தது" என்றேன். எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் அந்தப் பெண் மேசையைக் காலி செய்தார். லீட் இரண்டு முறை மேலிடத்தில் பேசிப் பார்த்தாராம், பலிக்கவில்லை. போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்து நின்றார்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாவ. நீங்க மட்டும்தான் அண்ணே சிரிக்கல்ல. அத நான் மறக்க மாட்டேன்."

"சரி, பாத்துப் போங்க" என்றேன்.