மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு

இதைப் படிப்பகப் பலகையில் ஒட்டும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் நம் திருவொற்றியூர் சந்துக்கு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் வந்தார். தொழிலாளியின் குறையை நேரில் கேட்டறிவதுதான் அவருடைய முறையாம். வழிகாட்ட யாரைக் கூட்டிவந்தார் தெரியுமா? ஆலை மேஸ்திரியை!

எதிர்வீட்டு அந்தோணிக்குப் போன வாரம் ஆலையில் ஆசிட் பட்டுக் கையில் கட்டு.

"வேலையில் ஏதாவது குறை உண்டா?"

அந்தோணி மேஸ்திரியைப் பார்த்தான். "இன்னா குறை சார்? எல்லாம் நல்லாத்தான் கீது."

"கையில் என்ன?"

"வூட்ல சுடுகஞ்சி கொட்டிக்கிச்சு."

மேஸ்திரி சிரித்தார். ஆராய்ச்சியாளர் எழுதிக்கொண்டார்.

அவர்கள் நகர்ந்ததும் அந்தோணியின் மனைவி ரோஸி வெடித்தாள்: "தெனக்கூலிக்கு ஆள் பொறுக்கறதே இந்த மேஸ்திரிதான். இவன பக்கத்துல வெச்சிகினு கேட்டா எவன் வாய தொறப்பான்? படிச்ச பேமானி!"

நானா? ஊரறிந்த வாயாடி. என்னைக் கேட்டபோது ஆலைச் சங்கின் இனிமையைப் புகழ்ந்தேன்.

ஞாயிறன்று அதே துணையோடு மறுபடி வருகிறாராம். அதற்குள் உங்கள் உண்மையான குறைகளை இதன் கீழே எழுதி ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், மேஸ்திரியும் இங்கேதான் பேப்பர் படிக்கிறார். கையெழுத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். என் லீவு லெட்டர்களின் புண்ணியத்தில் என்னுடையது அவருக்கு மனப்பாடம்.