எந்தச் சமுதாயக் கல்லூரி?

இந்த நினைவு மலரைப் பிரித்ததும் உங்களில் பலர் முதலில் படத்தைப் பார்த்து, "சிரிச்ச மாதிரியே இருக்காங்க பாரு" என்று சொல்லியிருப்பீர்கள். படம் எடுத்தவர் "கொஞ்சம் சீரியஸா இருங்க மேடம்" என்று எவ்வளவோ கேட்டும் அம்மாவால் முடியவில்லை. அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்தக் கட்டுரையும் அந்தப் படம் மாதிரியே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், மீன் லாரிகள் துறைமுகத்துக்குத் திரும்பும் தெருவில். தாத்தாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. பிளஸ் டூவில் அம்மா கணக்கில் தவறிவிட்டார். உடனே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். "மாப்பிள்ளைக்குக் கணக்கு வந்தா போதாதா?" என்று பெரியவர்கள் கேட்க, "அவருக்கும் வராட்டி?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடி பரீட்சை எழுதினார். பிறகு அஞ்சல் வழியில் பட்டம், பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. கடலூர் கோர்ட் வாசலில் மனுக்களும் பிரமாணப் பத்திரங்களும் டைப் அடித்துத் தரும் அப்பாவை மணந்தார். அப்பா தெரிந்து ஒரு கமாவைக்கூடப் பொய்யாக அடிக்காதவர். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

சிதம்பரம் போகும் சாலையில், புதுச்சத்திரம் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லை வாடகைக்கு எடுத்து ஓர் அறக்கட்டளை சமுதாயக் கல்லூரி தொடங்கியது. ஏசி மெக்கானிக், நோயாளி பராமரிப்பு, தையல், கம்ப்யூட்டர். பிளஸ் டூ தவறியவர்கள், பாதியில் நின்றவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே ஆண்டில் கையில் ஒரு தொழில். "நான் கணக்குல ஃபெயிலான வருஷம் இப்டி ஒரு எடம் இருந்திருந்தா எங்கப்பா மாப்ளை பாக்கக் கெளம்பியிருக்க மாட்டாரு" என்று சொல்லி, அம்மா பள்ளி வேலையை விட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே வகுப்புகள் நிரம்பாவிட்டால் மில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை.

பலகை மாட்டினார்கள். வாழை மரம்கூடக் கட்டினார்கள். ஒருவரும் வரவில்லை.

காரணத்தைச் சொன்னவர் எதிரே இருந்த டீக்கடைக்காரர். "காலேஜ் நல்லாத்தான் கீது மேடம். எந்த சமுதாயத்துக்காரங்க கட்டுனது?"

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாண மண்டபத்திலிருந்து சுவரொட்டி வரை நம் ஊரில் 'சமுதாயம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பலகையைப் படித்த ஒவ்வொருவரும் அது வேறு யாருக்கோ கட்டிய கல்லூரி என்று மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். பெயரை மாற்றலாமா என்று அம்மா கேட்டதற்கு, பதிவு செய்த பெயர், மாற்ற முடியாது என்று அறக்கட்டளை சொல்லிவிட்டது.

அம்மா ஸ்கூட்டியை எடுத்தார். புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளை, லால்பேட்டை, இந்தப் பக்கம் பண்ருட்டி வரை. போன தெருவிலெல்லாம் அதே கேள்விதான். "எந்த சமுதாயம் மேடம்?"

"ஒங்க சமுதாயம்தான்."

லால்பேட்டையில் ஒரு பாய், "ஜமாஅத்துல கட்டுனதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஒங்களோடதுதான் பாய். பொண்ண அனுப்புங்க." பண்ருட்டியில் ஒரு பலாப்பழ வியாபாரி, "நம்மாளுங்க காலேஜா? சொல்லவேயில்லயே ஒருத்தனும்" என்று மகனை அங்கேயே கூப்பிட்டுப் பெயர் கொடுத்தார்.

இது தெரிந்ததும் அப்பா பதறிப்போனார். "ஆளாளுக்கு ஒங்களோடதுங்கிறியே, இது கோர்ட்டுல நிக்குமா?"

"ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு சொன்னாத்தான் நிக்காது. நான் எல்லாருகிட்டயும் ஒண்ணத்தானே சொல்றேன்?"

"எனக்கு இதுல கையெழுத்து இல்ல" என்று அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

முதல் நாள் மில் நிரம்பிவிட்டது. பிள்ளைகளைவிடக் கூட வந்தவர்கள் ஜாஸ்தி. ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பலகையைப் பார்க்கிறார்கள். பலாப்பழ வியாபாரிதான் முதலில் எழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததை அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளிக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

"இன்னா மேடம், எங்களோடதுன்னு சொன்னீங்க. இங்க எல்லாரும் கீறாங்க."

"எல்லாரும் இருந்தா ஒங்களோடது இல்லன்னு ஆயிடுமாங்க?"

பின்வரிசையில் இருந்த லால்பேட்டை பாய் சிரித்துவிட்டார். "என்கிட்டயும் இதேதான் சொன்னாங்க மாமா. வாங்க, ரெண்டு பேரும் பங்கு பிரிச்சுக்குவோம்."

வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "டேய் பிரகாசு, கெளம்புடா."

அந்தப் பையன் கிளம்பினால் பின்னாலேயே பாதிப் பேர் கிளம்புவார்கள், அன்றைக்கே மில்லுக்குப் பூட்டு என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பிரகாஷ் ஹாலில் இல்லை. பக்கத்துப் பட்டறையில், பாடத்துக்கு வைத்திருந்த பழைய ஏசியைச் சுற்றிலும் பிரித்துப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இருப்பா. கழட்டிட்டேன். மாட்டிட்டு வரேன். அப்டியே போட்டுட்டு வந்தா அசிங்கம்."

"சீக்கிரம் மாட்டு" என்று வியாபாரி காத்திருந்தார். மதியமாகிவிட்டது. பாய் தம் டிபன் கேரியரைத் திறந்து ஒரு அடுக்கை அவர் பக்கம் நகர்த்தினார். சாயங்காலமும் ஆகிவிட்டது. ஏசி இன்னும் தரையில்தான் கிடந்தது. "நாளைக்கு அவன் மாட்டுனதும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று அவர் அம்மாவிடம் விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'நாளைக்கு' ஒரு வருஷம் நீண்டது. ஒருவரும் கிளம்பவில்லை. கல்லூரி நின்றது. பலா சீசனில் அவரே ஒரு மூட்டைப் பழத்தோடு வந்து, "எங்க காலேஜு, எங்க பழம். யாரு கேக்கறது?" என்றார். அன்று பலாப் பால் ஒட்டாமலிருக்க மில் முழுக்க எண்ணெய்க் கை. அவர் எங்களுக்குப் பண்ருட்டி மாமா ஆனதும் அன்றுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த மில்லிலிருந்து வெளியேறி வேலைக்குப் போனார்கள். சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்தாலே அம்மாவுக்கு நாற்காலி வரும், பின்னாலேயே டீ வரும். கூடப் போகும் எனக்கு பஸ் போய்விடும்.

அம்மாவின் கடைசி மாதங்கள் வலியோடு கழிந்தன. லால்பேட்டை பாயின் மகள் நஸ்ரின்தான் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டார். அம்மா படுக்கையிலும் ஆசிரியர்தான். "தலையணைய இப்டியா வைப்ப? ஒனக்கு நான் பாஸ் போட்டிருக்கவே கூடாது." நஸ்ரின் அசரவில்லை. "போட்டுட்டீங்கள்ல மேடம், இப்ப நான் சொல்றதக் கேளுங்க. திரும்பிப் படுங்க." அம்மா திரும்பிப் படுத்தார்.

அம்மாவைக் கிடத்தியிருந்த நாளில் குளிர்ப் பெட்டி திடீரென்று நின்றுபோனது. நாங்கள் பதறி ஆளுக்கொரு பக்கம் போன் செய்துகொண்டிருந்தபோது, மாலையோடு வந்த பிரகாஷ் அண்ணன் மாலையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இப்போது சிதம்பரத்தில் அவருக்குச் சொந்தமாக சர்வீஸ் கடை இருக்கிறது. பிரித்தார், பார்த்தார், மாட்டினார். பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் குனிந்து, "மேடம், இந்த வாட்டி மாட்டிட்டேன்" என்றார். பின்னால் நின்ற பண்ருட்டி மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அன்று எங்களோடு நின்ற அத்தனை பேருக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தெருவை அடைத்துப் பந்தல் போட்டும் முகம் சுளிக்காத அக்கம்பக்கத்தாருக்கும், அம்மாவைப் பார்த்துக்கொண்ட நஸ்ரின் அக்காவுக்கும், பஸ் பிடித்து வந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சகத்தாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த மலரின் அட்டையில் என்ன படம் வைப்பது என்று பார்க்க, "நீங்க எந்த சமுதாயம் சார்?" என்று அவர் கேட்டார். பிரமாணப் பத்திரம் டைப் அடிக்கும் என் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"ஒங்க சமுதாயம்தாங்க."

அச்சகக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தம் வீட்டு விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பூவேலைப்பாட்டையே அட்டையைச் சுற்றிலும் போட்டுத் தந்துவிட்டார். வெளியே வந்ததும் நான் அப்பாவைப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.