எடை குறைந்த குஞ்சுகள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அந்த மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். வீட்டுக் கூடத்தின் மூலையில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒரு ஜோடி. ஜோடி முட்டை வைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. முட்டை பொரிவதிலும் குறையில்லை. பொரிந்த குஞ்சு இறாலாக மாறுவது மட்டும்தான் நடக்கவில்லை.

குஞ்சைப் பார்த்தால் இறால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணாடிச் சில்லுக்கு இரண்டு கறுப்புக் கண் வைத்த மாதிரி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மிதக்கும். முப்பது, நாற்பது நாள் இப்படி மிதந்துவிட்டு, ஒருநாள் தோலை உரித்துப்போட்டு நிமிர்ந்து, அடியில் காலூன்றும். ஊன்றினால் பிழைத்தது. அவர் நான்கு தடவை வளர்த்துப் பார்த்தார். ஒன்றுகூட ஊன்றவில்லை. நான்காம் தடவை பதினெட்டு நாள் வரை கொண்டுவந்து மொத்தமாகப் பறிகொடுத்தார்.

ஐந்தாவது தடவை பொரிந்த வாரமே ஜோடியில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை இறாலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மீன் கடைக்காரரோ, "அந்த வகை இனிமே வராதுங்க, வேற ஏதாவது பாருங்க" என்று கையை விரித்துவிட்டார். ஆக, வட்டக் கண்ணாடி ஜாடியில் காற்றுக்குழாயின் குமிழோடு சுற்றிக்கொண்டிருந்த நாற்பத்தோரு குஞ்சும்தான் கடைசி. அவற்றுக்கு இருபது நாள் ஆனபோது முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புது மெஷின் பழக ஆறு நாள் வெளியூர் போகவேண்டும்.

"அம்மா இருக்காங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்க. எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்றாள் மனைவி.

மாமியார் பச்சிளங்குழந்தை வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடுதான் வாசம். அவரைவிடப் பொறுப்பான ஆள் கிடைக்காது என்று லென்ஸ்காரரும் நினைத்தார். தாளில் பெரிய எழுத்தில் எழுதியே கொடுத்தார். காலையில் அன்று பொரித்த ஆர்டீமியாவைத் தீனியாக விடவேண்டும். அது தூசி மாதிரிப் பொடிப்பூச்சி. மாலையில் மிச்சத் தீனியைச் சல்லடையில் வடித்துக் கொட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுப்போகும்.

"கவலைப்படாம போயிட்டு வாங்க மாப்ளே. எத்தனை புள்ளைங்களப் பாத்திருக்கேன்" என்றார் அத்தை.

வெளியூரிலிருந்து அவர் தினமும் போன் செய்தார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க மாப்ளே."

"எத்தனை இருக்கு அத்தை?"

"எங்க எண்ண விடுதுங்க. நிறைய இருக்காங்க. நல்லா வளர்றாங்க."

நாற்பத்தொன்று எப்படி நிறைய ஆகும்? அவருக்கு அப்போதே சுருக்கென்றிருக்க வேண்டும். நல்லா வளர்றாங்க என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்ததில் முந்தைய சொல் அடிபட்டுப் போயிற்று.

ஆறாம் நாள் பகலில் வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜாடி முன் குனிந்தார். நூற்றுக்கணக்கில் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அரிசி உடைசல் அளவு, வரிசையாகக் கால்கள், மல்லாந்து துடுப்புப் போட்டுக்கொண்டு. சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அத்தனையும் வளர்ந்துவிட்ட தீனி.

"மிச்சத்த வடிக்கலையா அத்தை?" என்று மெல்லக் கேட்டார்.

"வடிக்கத்தான் போனேன். பாத்தா எல்லாம் உயிரோட துள்ளுது. எடை கம்மியா பொறந்த புள்ளைங்க போலிருக்குன்னு நினைச்சேன். எடை கம்மியா இருந்தா தூக்கியா போடுவாங்க? ஜாடி பக்கத்துல டப்பாவுல பச்சைப் பாசிப் பொடி இருந்துச்சே, அத மூணு மணிக்கு ஒருக்கா கரைச்சு விட்டேன். எழுதியும் வச்சிருக்கேன், பாருங்க."

நோட்டை நீட்டினார். ஆறு நாளும் நேரம், அளவு, கையெழுத்து. ஒருவேளைகூடத் தப்பவில்லை.

கல்யாணமான பதினோரு வருஷத்தில் காபி ஆறிப்போச்சு என்றுகூட அத்தையிடம் அவர் சொன்னதில்லை. இப்போதும் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியிடம் பொருமிக்கொண்டு நின்றார். மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, எவ்வளவு நேரம்? சொல்லணும்னா நேரா சொல்லிடுங்க."

"உங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது? தீனிக்குத் தீனி போட்டு வளர்த்துட்டீங்கன்னா?"

"அப்ப வாளிகிட்டயே சொல்லுங்க."

பிறகு இரண்டு மணி நேரம் கரண்டியால் குஞ்சுகளைத் தேடிப் பொறுக்கினார். தீனிக் கூட்டம் மோதி மோதி, தண்ணீரைக் கெடுத்து, குஞ்சுகளைத் தீர்த்திருந்தது. நாற்பத்தொன்றில் ஆறு தேறின. அவற்றை வேறு ஜாடிக்கு மாற்றினார். அத்தை பக்கத்தில் வந்து பார்த்தார்.

"இதுதான் புள்ளையா?"

"ஆமா அத்தை."

"அப்ப நான் வளர்த்தது?"

அவர் கரண்டியைத் துடைத்தார். அத்தை நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். இப்போது இரண்டு பேருக்கும் நெஞ்சில் முள்.

ஆறு நாலாயிற்று. இருபத்தொன்பதாம் நாள் இரண்டாயிற்று. முப்பத்து மூன்றாம் நாள் ஒன்று தோலை உரிக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டு செத்தது. மிச்சம் ஒன்று. கடையில் தப்பான பவர் தேய்த்து ஒரே வாரத்தில் மூன்று லென்ஸ் வீணாக்கினார்.

முப்பத்தேழாம் நாள் மதியம் கடைக்குப் போன் வந்தது.

"மாப்ளே, மனசத் தேத்திக்குங்க. அது மிதக்கல. அடியில போய் உக்காந்திருச்சு, ஆடல அசையல. பக்கத்துல தோலு மட்டும் மிதக்குது. போயிருச்சுன்னு நினைக்கிறேன். தண்ணி கெட்டுப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க, எடுத்துக் கொட்டிரட்டுமா?"

"தொட்டீங்கன்னா பாருங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. அத்தை போனை வைத்துவிட்டார்.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அத்தை ஜாடி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று மனைவிக்கு லீவு. சுவரில் சாய்ந்து நின்றாள். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, யாரும் தொடலன்னு. நாலு காலடி நடந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் மண்டியிட்டார். நகக்கண் அளவில், கண்ணாடி உடம்பில் சிவப்பு இழை ஓடத்தொடங்கிய ஒன்று, அடியில் காலூன்றி நின்று எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றுக்கு ஒன்று. கோபமும் இறங்கவில்லை, சந்தோஷமும் முழுசாக ஏறவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஜாடியிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

"அத்தை" என்றார், திரும்பாமலே.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, முதல்ல அதப் பாக்கச் சொல்லி" என்றார் அத்தை. முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.